நிரலோடு செல்லும் கடிதம்



வங்கியொன்றின் இணையச் சேவைக்கு நிரல் எழுதுபவர் ஓரிடத்தில் இருப்பார். அந்நிரல் ஓடும் சர்வரோ வேறோர் இடத்தில், வேறொருவர் பொறுப்பில் இருக்கும். எந்த முகவரிக்கு எந்த நிரல் விடையளிப்பது, எந்தப் பக்கத்தில் யாரை அனுமதிப்பது என்பவற்றை அச்சர்வருக்கு யார் சொல்வது? நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், இடம் மாறுந்தோறும் நிரலையே திறந்து திருத்த நேரும். ஆகவே, அவற்றைத் தனிக் கோப்பில் எழுதி உடன் அனுப்பும் வழக்கம் தோன்றிற்று. ஜாவா மொழியில் அக்கோப்பின் பெயர் 'வெப் டாட் எக்ஸ்எம்எல்'. 1999-இல் வெளிவந்த சர்வ்லெட் 2.2 விதிமுறை அதற்கு நிலையான இடம் வகுத்தது.

இக்கோப்பு எதையும் கணக்கிடுவதில்லை. இன்ன முகவரி, இன்னார் என்று சொல்வதோடு சரி. பார்ப்பதற்கு எளிது. ஆனால், அதில் ஒரு சொல் மிகுந்தாலும் இடர் உண்டு. எப்படி என்கிறீர்களா?

சர்வரிடம் ஒன்றைக் கேட்பதற்குப் பல முறைகள் உள்ளன. 'கெட்' பக்கத்தைக் கொணரும். 'போஸ்ட்' படிவத்தைச் செலுத்தும். 'ஹெட்' தலைப்புச் செய்தியை மட்டும் கேட்கும். ஒரு பக்கத்தைக் காக்க விரும்பியவர் பலர், காவல் விதியின் கீழ், 'கெட், போஸ்ட்' என்று பெயர் குறித்து எழுதினர். காவல் இறுகிற்று என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் நேர்ந்தது என்ன? முன்வாயிலையும் பின்வாயிலையும் பார்த்துக்கொள் என்று காவலாளிக்குச் சொன்னால், சன்னல் வழியே வருபவனை அவன் ஏன் என்று கேட்பானா? பெயர் சொல்லாத முறைகள் யாவும் காவலின்றி நின்றன. முறைகளைக் குறிக்காமலே விட்டிருந்தால் அனைத்தும் அடங்கியிருக்கும்!

'ஹெட்' வெறும் தலைப்பைத்தானே கேட்கிறது, அதனால் என்ன கேடு என்று நினைக்கலாம். சர்வ்லெட்டின் இயல்பான அமைப்பில், 'ஹெட்' வந்தால் 'கெட்'டுக்குரிய வேலை முழுவதும் உள்ளே நடந்துவிடும். பக்கத்தின் உடல் மட்டும் வெளியே வராது. வேலை நடந்தால் போதாதா, தீயவனுக்கு?

ஜேபாஸ் என்னும் சர்வரின் மேலாண்மைப் பக்கத்தில் இதே குறை இருந்தது 2010-இல் வெளிப்பட்டது. திருத்தமும் அவ்வாண்டே வந்தது. எனினும், 2011-இல் ஒரு புழுநிரல் அவ்வழியே புகுந்து, திருத்தப்படாத சர்வர்களில் பரவியது.

2013-இல் வந்த சர்வ்லெட் 3.1 இதற்கென ஒரு குறிப்பைத் தந்தது. அதைக் கோப்பில் சேர்த்தால், காவல் வைத்த முகவரிகளில் பெயர் சொல்லாத முறைகள் அனைத்தும் மறுக்கப்படும். ஆனால், அக்குறிப்பு தானாக அமைவதன்று. அதையும் ஒருவர் நினைவோடு எழுதவேண்டும்.