சொந்த ஊர் எது?



சென்ற மாதம் நம் பங்கில், முகாமில் வாழும் ஒரு குடும்பத்தின் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தோம். பதிவேட்டில் 'சொந்த ஊர்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. "முருங்கன் எண்டு எழுதுங்கோ சுவாமி, மன்னார்" என்றார் பாட்டி. 1990-இல் படகேறி வந்தவர் அவர். குழந்தையின் தகப்பனோ முகாமில் பிறந்தவர். முருங்கனைக் கண்ணால் கண்டதில்லை. "இந்த ஊர்ப் பெயரையே போடலாமே அம்மா" என்றார் மெதுவாக. பாட்டியின் கண்கள் கலங்கின.

இருவர் சொன்னதும் உண்மைதான். பாட்டிக்கு ஊர் என்பது மருதமடு மாதாவின் ஆவணித் திருவிழா. அந்த மாதாவும் அகதியாய் நடந்தவரே. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையிலிருந்து தப்பியோடிய குடும்பங்கள் அச்சுரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் சென்றதாக மரபு கூறுகிறது. 2008 ஏப்ரலில், போரின் நடுவே, அதே சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது.

மகனின் கவலை வேறு. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாய் இருக்க வேண்டும். எனவே பிறந்த மண்ணிலேயே அவர் அந்நியர்.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியது திருக்குடும்பம். ஏரோது இறந்தபின் திரும்பியும், அர்க்கெலாவுக்கு அஞ்சி, யூதேயாவை விட்டு நாசரேத்தில் குடியேறியது. பெத்லகேமில் பிறந்தவரை உலகம் 'நாசரேத்து இயேசு' என்றே அழைத்தது. இடம் கொடுத்த ஊரின் பெயர் சிலுவையின் மீதும் எழுதப்பட்டது. ஆயினும் தாம் பெத்லகேமில் பிறந்த தாவீதின் மகன் என்பதை அவர் இழந்துவிடவில்லை.

நம் உண்மையான தாயகம் விண்ணகமே என்போம். ஆனால் அதைச் சொல்லி, மண்ணில் ஒருவருக்கு இடம் மறுக்கலாகாது. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. பலகையில் மாறியது, நம் நாவில் மாறியதா? அன்பியக் கூட்டத்தில், பாடகர் குழுவில், திருவிழா வரிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா? "முகாம்காரங்க" என்று நாம் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்கிறதே!

அன்று பதிவேட்டில் இரண்டு ஊரையும் எழுதினோம். பாட்டி விரலால் தடவிப் பார்த்தார். அரசு தரவேண்டியதை நம்மால் தர இயலாது. அதற்காகக் குரல் கொடுக்கலாம். ஆனால் 'எங்கள் பங்குப் பிள்ளை' என்ற பெயரை இன்றே தரலாம். எகிப்தில் தஞ்சம் புகுந்த இறைமகன் அதற்கான மனத்தை நமக்கு அருள்வாராக. ஆமென்.