பளபளப்பைக் குறைக்க ஒரு வழி



தேக்குக் கதவுக்கு ஆளி விதை எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். இரண்டு கை, மூன்று கை பூசியதும் கண் கூசுகிற மாதிரி மினுக்குகிறது. மரம் தெரியவில்லை, மினுக்கம்தான் தெரிகிறது. சுரண்டி எடுத்துவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். மேல்பரப்பை லேசாகத் தேய்த்தால் போதும்.

புது எவர்சில்வர் தட்டு முகம் காட்டும். நாரால் தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. மரத்திலும் அதேதான்.

முதலில் பொறுமை வேண்டும். இந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. அதற்குச் சில வாரங்கள் கூட ஆகலாம். பிசுபிசுப்பு இருந்தால் கை வைக்காதீர்கள்.

நன்றாக இறுகியபின், இருப்பதிலேயே மிக நைசான இரும்பு நார் (ஸ்டீல் வுல்) வாங்குங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே வேண்டாம், வட்டமாகவும் வேண்டாம். அழுத்தமும் வேண்டாம். தூளைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் மெழுகு தடவித் துணியால் துடையுங்கள். மென்மையான மெருகு வரும்.

முக்கியமான இன்னொன்று. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காய வையுங்கள்.

இறுகும்வரை பொறுங்கள். ரேகையோடு தேயுங்கள். துணியை விரித்துப் போடுங்கள்.