ஆட்டத்தில் இரக்கம் வேண்டா



பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு மாணவராக வாய்த்தவர் பதினொருவர். அவர்கள் அறிவுத்திறன் குறைபாடு உடைய இளைஞர்கள். திங்கள், வியாழன் மாலைகளில் எங்கள் ஊர்த் திடலில் அவர்களுக்குக் கால்பந்து பயிற்றி வருகிறேன். பக்கத்திற்கு ஐவர் ஆடும் ஆட்டம் அது. பரிசுக்காக அன்று, உடல்நலத்திற்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஆடுகிறோம். இத்தகையோரைப் பயிற்றுவது எங்ஙனம், அவர்களோடு ஆடுவது எங்ஙனம் என்னும் இரண்டையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அறிவுத்திறன் குறைபாடு என்பது தொற்றும் நோயன்று. புதியதொன்றைக் கற்கவும் கற்றதைக் கையாளவும் கூடுதலான காலமும் துணையும் தேவைப்படும் நிலையே அது. ஆகவே பயிற்சியாளர் முதலில் தம் பேச்சைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ‘பந்தை நிறுத்து, நிமிர்ந்து பார், வலப்பக்கம் தள்ளு’ என்பது நமக்கு ஒரே கட்டளையாகத் தோன்றும். உண்மையில் அதில் மூன்று கட்டளைகள் உள்ளன. நாங்கள் முதல் இரண்டு வாரம் பந்தை நிறுத்துவதை மட்டுமே பழகினோம். சொல்வதினும் செய்து காட்டுதல் நன்று. செய்து காட்டியபின் பொறுத்திருத்தல் அதனினும் நன்று. கேட்ட சொல் காலுக்குச் செல்லச் சிலருக்குச் சில நொடிகள் ஆகும். அதற்குள் நாம் மீண்டும் பேசினால், அவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ண நேரும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றேன். அவ்விதியின் முழுப் பொருளும் எனக்கு இத்திடலில்தான் விளங்கிற்று.

உடலைக் காப்பதிலும் கருத்து வேண்டும். ‘டவுன்’ நிலையுடன் பிறந்தோருள் சிலருக்குக் கழுத்தின் மேலெலும்புகளின் இணைப்பு உறுதியற்றிருக்கும். ஆதலால் மருத்துவரைக் கேளாமல் அவர்களைப் பந்தைத் தலையால் முட்ட விடுதல் ஆகாது. தாகம் எடுத்தாலும் வாய்திறந்து சொல்லாதோர் உண்டு. எனவே கால்மணிக்கு ஒருமுறை அனைவரும் நீர் அருந்துகிறோம்.

இனி, ஆடும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். ஒருமுறை கல்லூரி மாணவர் சிலர் எங்களோடு ஆட வந்தனர். நல்ல உள்ளம் படைத்தவர்கள். எங்கள் ஆட்டக்காரரிடம் பந்து வரும்போதெல்லாம் விலகி வழிவிட்டனர். அவர்களுடைய கோல் காவலர், மெல்ல உருண்டு வந்த பந்தை விட்டுவிட்டு வேறு பக்கம் பாய்ந்தார். நான்கு கோல்கள் விழுந்தன. சுற்றி நின்றோர் கைதட்டினர். நான்காவது கோலை அடித்த இளைஞர் மட்டும் மகிழவில்லை. அவர் மிகுதியாகப் பேசாதவர். பந்தை எடுத்துச் சென்று காவலர் கையில் கொடுத்து, “அண்ணா, நீங்கள் பிடிக்கவே இல்லை. ஒழுங்காக ஆடுங்கள்” என்றார்.

இடைவேளைக்குப் பின் மாணவர்கள் மெய்யாகவே ஆடினர். அவர்கள் ஏழு கோல் அடித்தனர். நாங்கள் ஒன்று அடித்தோம். அந்த ஒன்றைப் பற்றியே எங்கள் இளைஞர் இன்றும் பேசுகின்றனர். முந்தைய நான்கையும் எவரும் நினைப்பதில்லை.

இரக்கத்தால் கொடுக்கும் வெற்றி பொய் வெற்றி. வஞ்சகத்தால் பெறும் வெற்றியும் அத்தகையதே. 2000ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த பாராலிம்பிக்கில், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. அவ்வணியின் 12 பேருள் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. அதன் விளைவாக இப்பிரிவினரின் போட்டிகளே பாராலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன. குற்றமற்ற வீரர்கள் 2012இல் இலண்டனில்தான் மீண்டும் களம் காண முடிந்தது. முன்னது கனிவு, பின்னது களவு. ஆயினும் இரண்டும் உண்மையான ஆட்டத்தை அவர்களிடமிருந்து பறித்தன.

அங்ஙனமாயின் வலியோரோடு மோதித் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா எனக் கேட்பீர்கள். வேண்டுவதில்லை. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையார் நிறுவிய சிறப்பு ஒலிம்பிக் இயக்கம், தன் முதல் போட்டிகளை 1968 ஜூலை 20 அன்று சிகாகோவில் நடத்தியது. அவ்வியக்கத்தில் திறமை ஒத்தோரையே எதிரெதிரே நிறுத்துகின்றனர். போட்டிக்கு முன் சிறு ஆட்டங்கள் ஆடச் செய்து, ஒவ்வோர் அணியின் நிலையையும் அறிந்து பிரிவு வகுக்கின்றனர். குறைபாடு உடையோரும் இல்லாதோரும் ஒரே அணியில் கலந்து ஆடும் முறையும் அங்கு உண்டு. ஐவர் கால்பந்தில் மூவர் முன்னவர், இருவர் பின்னவர். நாங்களும் இப்போது அவ்வாறே ஆடுகிறோம். அக்கல்லூரி மாணவருள் நால்வர் தவறாமல் வருகின்றனர்.

உங்கள் ஊரிலும் இத்தகைய இளைஞர் இருப்பர். பலர் மாலை வேளையில் வீட்டு வாயிலில் நின்று, நீங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பர். அவர்களை ஆட்டத்திற்கு அழையுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். விதிகளைப் பொறுமையாகக் கற்பியுங்கள். பிறகு, உங்கள் தோழரோடு எப்படி ஆடுவீர்களோ அப்படியே அவர்களோடும் ஆடுங்கள்.