வண்ணையிலே ஒரு சிறு நடை



வண்ணார்பண்ணையைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். நாமோ மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். வைத்தீசுவரன் கோயில் வீதியாற் பலகாலம் போய் வந்தும், அங்கே நடந்தது இன்னதென்று பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே வாசித்தறிந்தோம். வெட்கந்தான், ஆயினும் சொல்லிவிடுகிறோம்.

அக்கோயிலின் வசந்த மண்டபத்திலே, 1847 ஆம் ஆண்டு மார்கழி 31 இல், ஆறுமுகநாவலர் தமது முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. நாவலர் பட்டமும் இல்லை. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி வந்தவர் அவர். வாராந்தப் பிரசங்கம், வகுப்புக்கேற்ற பாடநூல், அச்சுக்கூடம் ஆகிய மூன்றின் வலிமையையும் அங்கேதான் கண்டார். கண்டதைச் சைவத்திற்குக் கொண்டுவந்தார். வெள்ளிதோறும் பிரசங்கம், 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலை, மறு ஆண்டில் அச்சியந்திரம். எல்லாம் வண்ணையிலேயே. எமது மிஷன் ஆசிரியர்கள் இதனைக் கேட்டால் மகிழ்வார்களோ, வருந்துவார்களோ!

வித்தியாசாலைக்கு அரசாங்க நன்கொடை கிடைத்தது 1870 இலேதான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஊரார் கைப்பொருளே அதனைத் தாங்கியது. 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையோ பணமின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அந்தத் தோல்வியை நாம் மேடைகளிற் சொல்வதேயில்லை. 1879 இல் அவர் மறைந்தார். 1890 இல், ஏற்கெனவே நடைபெற்று வந்த ஓர் ஆங்கிலப் பாடசாலையைச் சைவபரிபாலன சபையார் பொறுப்பேற்றனர். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. 1897 தை மாதம் சுவாமி விவேகானந்தர் அங்கேதான் உரையாற்றினார்.

கோயில், பள்ளி, அச்சுக்கூடம், கல்லூரி: ஒரு மாலை நடைக்குள் அடங்கும் இடங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பெரியோர்கள் பொறுத்தருள்க. அந்நாளிலே இக்கதவுகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை. நாவலரும் சாதியாசாரத்தை விடாதவரே. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்திற்காக நின்றவர்களையும், அவர்களைத் தடுத்தவர்களையும் நேரிற் கண்டோர் இச்சபையிலே இருக்கக்கூடும். நூல்களில் அக்கதை சுருக்கமாகவே கிடைக்கிறது. கூட்டம் முடிந்தபின் எமக்கு அதனைச் சொல்லுங்கள்; எழுதிக்கொள்ளக் கொப்பி கொண்டுவந்திருக்கிறோம்.

தலைவர் மணியை அடித்துவிட்டார்.