தாலி கட்டியாச்சு… குடியுரிமை எப்போ?

(ஐடி விங் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்தியரைக் கல்யாணம் பண்ணிட்டா குடியுரிமை தானா வந்துடும்"னு நம்ம ஊர்ல நிறைய பேர் நம்புறாங்க. வராது தோழர்களே. விண்ணப்பிக்கணும். விண்ணப்பிக்க முடியுமா முடியாதாங்கறதை, அந்தப் பொண்ணு இந்த மண்ணுக்கு எப்படி வந்தாங்கறதுதான் தீர்மானிக்குது.

முதல் வழி, பாஸ்போர்ட், விசாவோட வந்தவங்களுக்கு. முதல்ல திருமணத்தைப் பதிவு பண்ணணும். மதம் வேற, நாடு வேறன்னா 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும்; நோட்டீஸ் வெளியிட்டு 30 நாள் காத்திருக்கணும். விசா முடியறதுக்குள்ள நீட்டிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிச்சிடணும். இதுல அசந்துடாதீங்க. விசா முடிஞ்சும் தங்கிட்டா சட்டத்தோட பார்வையே மாறிடும்.

பதிவான திருமணம் 2 வருஷம் தொடர்ந்து நிலைச்சிருந்தா ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது ஆயுள்கால விசா மாதிரி. ஆனா ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, விவாகரத்து ஆனா அட்டையும் போயிடும். முழுக் குடியுரிமை வேணும்னா 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(சி). இங்கே 7 வருஷம் வசிச்சிருக்கணும். அதுல கடைசி 12 மாசம் முழுசா இங்கேயே. அதுக்கு முந்தைய 8 வருஷத்துல குறைஞ்சது 6 வருஷம்.

நீளமான வழிதான். ஆனா வழின்னு ஒண்ணு இருக்கு.

இப்போ ரெண்டாவது கதைக்கு வர்றேன். 1983-க்குப் பிறகு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு படகேறி வந்த நம்ம ஈழத்து உறவுகள். தமிழ்நாட்டுல 100-க்கும் மேற்பட்ட முகாம்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். முகாம்ல வளர்ந்த ஒரு பொண்ணை நம்ம ஊர் பையன் கட்டிக்கிறார்னு வச்சுக்குவோம். 7 வருஷம் என்ன, 30 வருஷமா இங்கேயே இருக்காங்க. விண்ணப்பிக்கலாமா?

முடியாது. ஏன்னா அதே பிரிவு 5, "சட்டவிரோதக் குடியேறியாக இல்லாத" நபருக்குத்தான் பொருந்தும். பாஸ்போர்ட் இல்லாம வந்தாலும் சட்டவிரோதக் குடியேறி. விசா முடிஞ்சு தங்கினாலும் சட்டவிரோதக் குடியேறி. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, புரோகிராமோட முதல் வரியிலேயே ஒரு 'இஃப்' கண்டிஷன். அங்கேயே கதவு சாத்திடுது. அடுத்த வரியில இருக்கிற 7 வருஷக் கணக்குக்கு வேலையே இல்லை.

குண்டு வீச்சுல ஓடி வந்தவங்க எந்த பாஸ்போர்ட் ஆபீஸ்ல வரிசையில நின்னிருப்பாங்க தோழர்களே?

இது அவங்களோட நிக்கலை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோர்ல ஒருத்தர் இந்தியரா இருந்தாலே போதும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருத்தர் இந்தியரா இருந்து இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறின்னா குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. அப்பாகிட்ட வாக்காளர் அட்டை இருக்கு. பிள்ளை நம்ம அரசு ஆஸ்பத்திரியில பிறந்து, நம்ம பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்குது. ஆனா இந்தியக் குடிமகன் இல்லை!

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூணு நாட்டுச் சிறுபான்மையினருக்கு இந்த முத்திரையை நீக்குச்சு. இலங்கை அந்தப் பட்டியல்லயே இல்லை. 2025-ல் ஒரு விலக்கு ஆணை வந்துச்சு. 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவு செய்தவங்களை, பாஸ்போர்ட், விசா இல்லைன்னு தண்டிக்க மாட்டாங்க. அது ஒரு நிம்மதிதான். ஆனா குடியுரிமைச் சட்டத்துல இருக்கிற அந்த வார்த்தை அப்படியேதான் இருக்கு.

சரி, நாம என்ன செய்யணும்?

ஒண்ணு: பிறந்த தேதியைப் பாருங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்திருந்தா அவங்க பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கு.

ரெண்டு: எந்தத் திருமணமும் பதிவில்லாம இருக்கக் கூடாது. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள்ள முடிச்சிடுங்க.

மூணு: முகாம் பதிவு, அடையாள அட்டை, பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைக்க உதவுங்க. நாளைக்குக் கதவு திறந்தா, காகிதம் இல்லாம யாரும் வெளியே நிக்கக் கூடாது.

நாலு: பொய் வாக்குறுதி கொடுக்காதீங்க. "குடியுரிமை வாங்கித் தர்றேன்"னு காசு கேட்கிற புரோக்கரை நம்ப வேண்டாம்னு வீடு வீடா சொல்லுங்க.

குடியுரிமை தர்ற அதிகாரம் ஒன்றிய அரசுகிட்ட இருக்கு. நம்ம கோரிக்கை ஒரே வரி: பதிவு செய்யப்பட்ட ஈழத்தமிழ் அகதிகளை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லிலிருந்து விடுவியுங்கள். மூணு நாட்டுக்கு முடிஞ்சது, நாலாவது நாட்டுக்கு முடியாதா?

நம்ம வீட்டு மருமகளை நாம சட்டவிரோதம்னு கூப்பிடறதில்லை. சட்டமும் கூப்பிடக் கூடாது.



#ஈழத்தமிழருக்குக்_குடியுரிமை