ஒரு தடவை கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

“மேல் வீட்டில் ஒரே சத்தம்” என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலர் அப்படிச் சத்தமிடுவார்கள். அது வளர்ப்பின் குறை அல்ல.

திருவொற்றியூரிலிருந்து முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்துக்குப் போய்வர ஒரு நாள் ஆகிவிடும், அதுவும் கண்டெய்னர் லாரிகள் வழிவிட்டால்! பயிற்சியே வீடு தேடி வந்தால்? கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. நிபுணர் அல்லாத பணியாளர்கள் பயிற்சி பெற்று, பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்துப் பெற்றோருக்கே போட்டுக் காட்டினார்கள். பிள்ளையின் கவனம் போகும் இடத்தைப் பின்தொடரவும், பதிலுக்குக் காத்திருக்கவும் பழக்கினார்கள். பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை அணுகுவது கூடியது.

காத்திருப்பது நமக்கும் முடியும். லிஃப்டில் “பேர் என்ன?” என்று மூன்று தடவை கேட்க வேண்டாம். அந்த அம்மா கடைக்குப் போய்வரும் அரை மணி நேரம் பிள்ளையோடு இருக்க முடிந்தவர்கள், செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.