வளைந்து நிமிரும் முதுகு



உழவுத் தொழிலே நாட்டின் முதுகெலும்பு என்று கட்டுரை எழுதாத மாணவர் நம்மில் எவரும் இலர். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால், அவ்வாறு எழுதியபோது என் சொந்த முதுகெலும்பு ஏட்டின்மேல் கவிந்து கூனிக் கிடந்ததை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய காலமும் ஒருநாள் வந்தது.

1978-ஆம் ஆண்டு நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வு நெருங்கியது. பாயில் குந்தியவாறே இரவும் பகலும் படித்தேன். ஒருநாள் காலை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவன் நிமிர இயலாமல் நின்றுவிட்டேன். இடுப்பில் ஆணி அறைந்தாற்போன்ற வலி! என்னைப் பார்த்த மருத்துவர், அக்கால வழக்கப்படி, பலகைமேல் அசையாது படுத்திருக்குமாறு பணித்தார். மூன்று வாரம் படுத்திருந்தேன். எழுந்தபோது கால்கள் தள்ளாடின. வலியும் போகவில்லை. தேர்வு மட்டும் போய்விட்டது, ஓராண்டு வீணாயிற்று.

என் தந்தையார் நெசவாளர். குழித்தறியில் அமர்ந்து நெய்தவர். ஒரு முழம் நெய்ததும் குழியைவிட்டு எழுந்து, தெருக்கோடி வரை நடந்து திரும்புவார். அதனை நான் சோர்வென்றே நினைத்திருந்தேன். அவர் என் அருகில் வந்து, "ஓட்டாமல் போட்ட தறி இறுகிப்போகும். உடம்பு மட்டும் இறுகாதா? எழுந்து நட, தம்பி" என்றார். மறுநாள் முதல், விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது அவருடன் மேலும் கீழுமாக நடந்தேன். முதலில் நூறடி, பிறகு தெரு முழுவதும். சில வாரங்களில் வலி தணிந்தது. அது தானாகத் தணியும் காலமாகவும் இருந்திருக்கலாம். ஆயினும், குனிந்தால் முதுகு முறிந்துவிடுமோ என்ற அச்சத்தைப் போக்கியது அந்த நடையே.

பின்னாளில் ஆராய்ச்சியும் இதனை விளக்கிற்று. 1986-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோ என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இடுப்பு வலியுற்ற 203 பேரை ஆராய்ந்தனர். ஒரு சாராரை இரண்டு நாளும், மற்றொரு சாராரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் ஓய்வு பெறும்படி சொல்லப்பட்டவர்களே குறைந்த நாட்கள் வேலையை இழந்தனர். நெடுநாள் படுக்கையால் தனிப்பயன் ஒன்றும் கிட்டவில்லை.

இதன் காரணத்தை அறிய முதுகெலும்பின் அமைப்பைப் பார்ப்போம். அது ஒரே எலும்பன்று, எலும்புகளின் கோவை. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசைவன. அவற்றின் கீழே ஒன்றாய் இணைந்த எலும்புகள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் ஏழே எலும்புகள்தாம் என்பது வியப்பன்றோ! இக்கோவையின் நடுவேதான் தண்டுவடம் பாதுகாப்பாகச் செல்கிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன.

முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோன்ற வட்டுகள் உள்ளன. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை; ஓரத்தில் மட்டுமே உண்டு. அண்டை எலும்புகளிலிருந்து ஊறிவரும் சத்தே அதற்கு உணவு. பகலெல்லாம் பாரம் தாங்குகையில் வட்டின் நீர் சிறிது கசிகிறது. இரவில் படுத்திருக்கையில் மீள்கிறது. காலையில் நாம் மாலையைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாயிருப்பது இதனாலேயே. வட்டுக்கு ஓய்வும் வேண்டும், பாரமும் வேண்டும். இரண்டும் மாறி மாறி வரவேண்டும். முதுகைச் சூழ்ந்த தசைகளோ, வேலையின்றிக் கிடந்தால் விரைவில் மெலிந்துவிடும்.

ஆகவே, மாணவர்களே, விறைப்பாக நிமிர்ந்தே அமர்ந்திருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. எவ்வளவு நல்ல இருக்கையும் நெடுநேரம் நீடித்தால் தீங்கே. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். முன்னும் பின்னும் வளையுங்கள், இருபக்கமும் சாயுங்கள், இடமும் வலமும் திரும்புங்கள். புத்தகத்தையோ கைப்பேசியையோ தலை தேடிப் போகாமல், அதனைக் கண்ணளவுக்கு உயர்த்துங்கள். பளுவைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, அதை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். பையை இருதோளிலும் மாட்டுங்கள். அதன் எடை மாணவரின் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்று இந்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையும் கூறுகிறது. நாள்தோறும் நடப்பதும், நீந்துவதும், விளையாடுவதும் முதுகுக்கு நல்லுணவு.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். முதுகுவலியுடன் கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, கீழே விழுந்தபின் வலி தோன்றினாலோ, நடந்து பார்ப்போம் என்று காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டனர். அவர்கள் பேசியது பழக்கத்தைப் பற்றி. முதுகுக்கும் அது பொருந்தும். நான் ஓராண்டைக் கொடுத்து இப்பாடத்தைப் பெற்றேன். உங்களுக்கு அது விலையின்றிக் கிடைக்கட்டும். இப்பேச்சு முடிந்ததும் நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்றே: இருந்த இடத்தை விட்டு எழுந்து, சற்றே நடந்துவிட்டு வாருங்கள்.